மைனஸ் பதினெட்டு

ரத்தப் பையைப் பார்த்ததுமே ஏதோ தவறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அசையாமல் வைத்த ரத்தம் தானாகப் பிரியும். அடியில் சிவப்பணுக்கள், மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்த நீர். இந்தப் பையில் அடியும் இல்லை, மேலும் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது மறுபக்கம் என் விரல்கள் தெரிந்தன.

கொண்டுவந்தவர் ஐஸ்கிரீம் கடைக்காரர். அவர் தங்கைக்கு எதிர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். காலையில் எங்கள் ரத்த வங்கியில் இரண்டு பை வாங்கிப் போனார். ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போனது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் வைக்கத் தனி ஃபிரிட்ஜ் கிடையாது. இரண்டாவது பையின் சீட்டில் முத்திரை விட்டுப்போனதென்று இப்போது திரும்பி வந்திருந்தார்.

இவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"நம்ம கடை ஃப்ரீசர்லதான்மா. மைனஸ் பதினெட்டு. கொண்டு வரும்போது வெதுவெதுப்பான தண்ணியில போட்டு இளக்கிட்டேன்" என்றார். குரலில் அத்தனை பெருமை.

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"ஒவ்வொரு அணுவையும் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. ரெண்டே அடுக்குக் கொழுப்பு. எதை உள்ள விடணும், எதை வெளிய அனுப்பணும்னு அதுதான் பாத்துக்குது. உறையவெச்சா உள்ள இருக்கிற தண்ணி ஐஸாகி அதைக் கிழிச்சுடும். இதுல முழுசா ஒரு அணு தேறாது. உடம்புல ஏத்தினா கிட்னி போயிடும். இதெல்லாம் கேட்டுட்டுச் செய்ய மாட்டீங்களா?"

அவர் முகம் வெளிறியது. "அப்போ மொதப் பை?"

"அது எங்க?"

"ஆபரேஷனுக்கு முன்னாடியே ஏத்திக்கிட்டு இருக்காங்கம்மா."

எதிர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நான்காவது மணியில் நர்ஸ் எடுத்தாள். பத்து நிமிடமாக ஏறுகிறதாம். இடுப்பு வலிக்கிறது என்று தங்கை இப்போதுதான் சொன்னாராம்.

"டியூபை மூடுங்க. இப்பவே மூடுங்க" என்று கத்தினேன்.

நான்கு நாள் தங்கைக்குப் பால் விடாத கட்டன் காபி நிறத்தில் சிறுநீர் போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் தெளிந்தது. கிட்னி தப்பியது என்று டாக்டர் சொன்னார்.

ஆறாம் நாள் கடைக்காரர் வந்தார். மேசைமேல் ஒரு பெட்டி ஐஸ்கிரீமை வைத்தார். "நீங்க மட்டும் பாக்கலேன்னா என் தங்கச்சி இல்லைம்மா. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு முத்திரை இல்லாத அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

பின்பக்கம் என் கையெழுத்து: 'நன்றாகக் குளிரில் வைக்கவும்.'

இரண்டிலிருந்து ஆறு டிகிரி என்று எழுதியிருக்க வேண்டும். எவ்வளவு குளிர் என்று அன்று காலையில் அவர் கேட்டதுகூட நினைவுக்கு வந்தது. தலைக்கு மேல் வேலை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லியிருந்தேன். நாள் முழுக்க ஃப்ரீசரோடு பிழைப்பவரிடம்.

"தப்பு உங்களோடது இல்லண்ணே" என்றேன். "என்னோடது. ஃப்ரீசர்ல வெக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

அவர் சீட்டை என் கையிலிருந்து வாங்கி, அந்த ஒரு வரியை மெதுவாகப் படித்தார். இன்னொரு முறை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு ஐஸ்கிரீம் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.