சிவப்பு வந்தால் சொல்

மாமியார் லெயோன்தினாவின் ஏப்ரன் பையிலிருந்து தீப்பெட்டியை மிரெலா மறுபடியும் பிடுங்கினாள்.

“ஆக்சிஜன் ஓடுற வீடும்மா. ஒரு குச்சி உரசினாப் போதும், மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே நாள்ல காரியம் பண்ணிடலாம்.”

“கையில மெழுகுவர்த்தி இல்லாம எம்புள்ள போனா, அங்க இருட்டுல தடவிக்கிட்டு நிப்பான். நீ பதில் சொல்லுவியா?”

ருமேனியாவில், திமிஷ்வாரா நகரத்தின் அந்தப் பழைய அடுக்குமாடியில் மெழுகுவர்த்தி இல்லாமல் செத்தவர்களைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அதனால் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். உயிர் போகும் நேரம் வந்து அறை விளக்குகள் சிவப்பானதும் முதலில் ஆக்சிஜன் மெஷினை நிறுத்துவது, பிறகு மெழுகுவர்த்தி.

“மெஷினை நான் தொடமாட்டேன். பெத்தவ நான். நீதான் நிறுத்தணும்” என்று கிழவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

கதவு திறந்தே கிடந்தது. நுரையீரல்தான் போயிருந்ததே தவிர, உள்ளே படுத்திருந்த அவள் கணவன் டாச்சியானுக்குக் காது நன்றாகவே கேட்டது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின்விசிறி, கீபோர்டு, மவுஸ் என்று வெவ்வேறு கம்பெனிக்காரர்களின் விளக்குகளை ஒரே தாளத்துக்கு ஆடவைக்கும் மென்பொருள் எழுதுவது அவன் பிழைப்பு. படுக்கையில் விழுந்த பிறகு, விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பையும் அதோடு கோத்துவிட்டான். மூச்சு சீராக இருந்தால் அறை முழுக்க நீலம். குறையக் குறைய மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு.

“எப்படி இருக்கேன்னு எவனும் வந்து கேக்கவேண்டாம்ல” என்று அன்று சிரித்தான்.

காலையிலிருந்தே ஆரஞ்சுதான். சுவர், கூரை, அவன் முகம் எல்லாம் ஆரஞ்சு. அவன் திடீரென்று மிரெலாவிடம் கீபோர்டைக் கேட்டான்.

“இப்ப என்ன வேலை உனக்கு?”

“ஒரு பாக்கி. குடுடீ.”

வேலை கேட்கிறானே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மடியில் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனாள். திரும்பி வந்தபோது அறை நீலமாக இருந்தது.

“அம்மா, நீலம் வந்துருச்சு, வந்து பாருங்க.”

லெயோன்தினா சிலுவை போட்டுக்கொண்டு, ரவை உருண்டை போட்ட கோழிச் சூப் வைக்க ஓடினாள். மிரெலா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் இருமினான். முன்பெல்லாம் ஒவ்வொரு இருமலுக்கும் நிறம் துள்ளும். இப்போது நீலம் இம்மிகூட அசையவில்லை. அதை அவள் கவனித்தாள். கவனித்தும் அதைப் பற்றி நினைக்க விரும்பவில்லை.

“போய் சூப் எடுத்துட்டு வா” என்றான்.

கிண்ணத்தோடு அவள் வந்தபோது அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தைத் தட்டினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினாள். நீலம். தன் விரலில் மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தாள். அப்போதும் நீலம்.

திரையில் அவன் எழுதிய மென்பொருள் திறந்தே இருந்தது. கிளிப்போடு இருந்த இணைப்பை எடுத்துவிட்டு, ஒரே ஒரு நிறத்தை வைத்திருந்தான்.

மெஷினை நிறுத்தவேண்டிய கை யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அவள்மேல் இருந்த பிரியத்தில் செய்தானா, இன்னும் கொஞ்சம் மூச்சு வேண்டுமென்று செய்தானா? பாவி, கேட்கக்கூட விடவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

லெயோன்தினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீலமாத்தானே இருக்கு. அது பொய் சொல்லிருச்சா?”

“ஆமாம்மா. பழுதாயிடுச்சு.”

தீப்பெட்டியைத் தானே எடுத்து மாமியார் கையில் வைத்தாள். கிழவி மெழுகுவர்த்தியோடு வந்து நின்றாள். மெஷின் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. மிரெலா குனிந்து சுவிட்சில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

“மெதுவா பண்ணு” என்றாள் கிழவி. “எனக்கொண்ணும் அவசரமில்ல.”

குழாயிலிருந்து வந்த காற்றில் டாச்சியானின் மீசை முடி அசைந்துகொண்டிருந்தது.