பட்டாணி அளவுக் காய்கள்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் விளக்கினான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். ஒரு ஆளுக்கான தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது. ரொட்டியை நின்றுகொண்டே தின்றான். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போய், செங்கல் சுவரோரம் இருந்த அத்திமரத் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். ஈரம். ஓயாமல் மழை பெய்கிற ஊரில் ஈரமாகத்தான் இருக்கும். ஆனாலும் தினமும் பார்த்தான். விரலைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவது வழக்கம்.

இன்று ஞாயிறு. வேலை இல்லை. மாமியாரும் மைத்துனனும் வருகிறார்கள்.

அத்திக்கு வெயில் வேண்டும். இந்த ஊர் வெயிலோ வாசலில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டுப் போகிற ரகம். அவன் மனைவி அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. நாள் முழுக்க வெளிச்சம் விழுகிற சுவராகத் தேடிப் பிடித்தாள். வேரை இஷ்டத்துக்கு ஓடவிட்டால் மரம் இலையாகப் போட்டு ஏமாற்றும் என்று தொட்டியிலேயே இறுக்கி வைத்தாள். குளிர் முற்றினால் சாக்கைச் சுற்றிக் கொட்டகைக்குள் இழுத்துப் போனாள். பழுக்கிற சமயத்தில் மழை அடித்தால் பழம் வெடித்துவிடும் என்று கிளையில் ஒரு பழைய குடையைக் கட்டினாள்.

"கட்டின புருஷன் நனைஞ்சுக்கிட்டு வரான், மரத்துக்குக் குடையா?" என்று கேட்டான்.

"நீ பழுக்கப்போறியா, தூங்குமூஞ்சி?" என்றாள்.

போன கோடையில் பதினொரு பழம். இலை உதிரத் தொடங்கிய மாதத்தில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அன்றைக்கு மாமியார் தொலைபேசியில் அழவில்லை. "கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். சொல்லக்கூடியதாக அவனிடம் ஒன்றும் இல்லை. "அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பயமில்லைன்னு சொன்னா" என்றான். அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியாது. மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. அதற்குப் பிறகு அந்த வாக்கியம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டது. சித்தி அதைச் சொல்லி அழுதார். யாரோ ஒரு பெரியப்பா அதைச் சொல்லி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்குக் கார் வந்தது. மைத்துனன் கையில் டிரில் பெட்டி இருந்தது. மாமியார் கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்துப் பிரித்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு.

"அவ மரத்துக்குப் பின்னாடி, சுவத்துல மாட்டிடலாம். எழுத்து சரியா இருக்கா பாருங்க."

'எனக்குப் பயமில்லை.' எழுத்தில் ஒரு பிசகும் இல்லை.

"ஊசியைக் காட்டினாலே ஊரைக் கூட்டுற பொண்ணு" என்றார் மாமியார். "அவளா இப்படிச் சொன்னா! இந்த ஒரு வார்த்தையைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத்தான் நான் தூங்குறேன்."

அவன் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மைத்துனன் தகட்டை அவன் கையில் திணித்து, "மாமா, இதைக் கோணாம பிடிங்க, பென்சில்ல குறிச்சுக்கிறேன்" என்றான். தகடு சில்லென்றிருந்தது. இரண்டு கையாலும் சுவரில் அழுத்திப் பிடித்தான்.

மைத்துனன் குறித்துவிட்டு, மரத்தின் பக்கம் திரும்பினான். அவன் வீட்டிலும் ஒரு அத்தி உண்டு. இதிலிருந்து அக்கா வெட்டிக் கொடுத்த குச்சிதான்.

"என்ன மாமா, மொட்டையா நிக்குது? இலை இருக்கு, ஒரு காயைக் காணோம். எங்க வீட்டுல இந்நேரம் கோலிக்குண்டு சைஸு வந்தாச்சு."

"தெரியல."

மைத்துனன் ஒரு கிளையின் நுனியைப் பிடித்து வளைத்தான். பட்டையில் வரிசையாகச் சின்னச் சின்னத் தழும்புகள். "இது தானா விழுந்ததில்ல. யாரோ உக்காந்து ஒண்ணொண்ணா வெட்டியிருக்காங்க. யாரு இந்தத் திருப்பணியைப் பண்ணது?"

"நான்தான்."

"நீங்களா? பட்டாணி மாதிரி இருக்கிறதுதானே குளிரைத் தாங்கி அடுத்த கோடைக்குப் பழுக்கும். பெரிய பச்சைக் காய்தான் உதவாது, அதைக் கிள்ளிப் போடணும். அக்கா எனக்கே பத்துத் தடவை சொல்லியிருப்பா. உங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னா."

"அப்புறம்?"

அவள் போய் ஒரு வாரம் ஆன ஒரு மத்தியானம். சின்னது, பெருசு என்று ஏதோ சொன்னாளே, ஒன்றை எடுக்க வேண்டும், ஒன்றை விட வேண்டும் என்பதுவரை அவனுக்கு நினைவிருந்தது. எது எது என்பது இல்லை. நகம் வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவந்து, சின்னதையெல்லாம் பிசிறு தட்டாமல் வெட்டினான். பெரிய காய்களுக்கு மட்டும் துணி சுற்றினான். அவள் பேச்சைக் காப்பாற்றிவிட்டதாக அன்றைக்கு அவனுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. குளிரில் பெரியவை கறுத்துச் சுருங்கி, ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் விழுந்தன.

மைத்துனன் டிரில்லைச் சுவரில் வைத்தான்.

"நிறுத்து" என்றான் அவன். தகட்டைச் சுவரிலிருந்து எடுத்தான். "அத்தை, அவ அப்படிச் சொல்லல."

"எப்படி?"

"பயமில்லைன்னு. அது நானாச் சொன்னது."

மாமியார் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் அவருடைய செருப்பைப் பார்த்தான். மைத்துனன் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா கையைக் காட்டி அடக்கினார்.

"அப்போ பயந்தாளா?"

"தெரியாது அத்தை. நான் அவளைப் பாக்கல. போனைப் பாத்துக்கிட்டிருந்தேன். ஆபீஸ்ல ஏதோ அனுப்பியிருந்தாங்க, பெரிய விஷயம்கூட இல்ல. அவ மரத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தா. நான் உம் கொட்டினேன். அப்புறம் ஒண்ணு கேட்டா. பதில் தெரியல. காபி வாங்கிட்டு வரேன்னு எழுந்து போயிட்டேன். கீழே வரிசை நீளம். திரும்பி வரும்போது கட்டிலைச் சுத்தி நர்சுங்க நின்னாங்க."

தூறல் போட்டது. யாரும் உள்ளே போகவில்லை. மாமியார் கையை நீட்டினார்; அவன் தகட்டைக் கொடுத்தான். அவர் அதைத் துணியில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார்.

"என்ன கேட்டா?" என்றார். "ஒரு எழுத்து கூட்டாம, குறைக்காம சொல்லுங்க."

அவன் மொட்டைக் கிளையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் இப்ப என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு பாப்போம்."