பதினாலாம் தேதி முத்திரை

"அந்த மாலையை வாங்காதீங்க! பேங்க்குக்காரன் பூவு ஒண்ணு அவிங்க மேல படக் கூடாது, சொல்லிப்போட்டேன்!"

அழுதுகொண்டிருந்த சாமியாத்தாள் அழுகையை நிறுத்திவிட்டுத்தான் இதைக் கத்தினாள். பந்தலில் இருந்த தலைகளெல்லாம் அவள் பக்கம் திரும்பி, அப்புறம் வாசல் பக்கம் திரும்பின. வாசலில் லட்சுமணசாமி நின்றிருந்தார். சோமனூர் பேங்க்கில் இருபது வருஷமாகக் கிளார்க். கையில் சம்பங்கி மாலை. சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல் இடுப்பில் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"எழவூட்டுக்கு வந்தவிங்களை இப்படிப் பேசலாமுங்களா நங்கை?" என்று செத்தவரின் தங்கை ராமாத்தாள் அண்ணியின் தோளைப் பிடித்தாள்.

"வந்தவனா? கொன்னவன்னு சொல்லு! அறுவது ரூவா அபராதம் போட்டு எட்டுத் தறியில ஆறை முழுங்குனவிங்க. என்ற ஊட்டுக்காரரு முப்பத்தொரு கடுதாசி எழுதுனாரு. ஒண்ணுக்குப் பதிலு போட்டானுங்களா, கேளு!"

நடுவில் சுப்பண்ணன் படுத்திருந்தார். நேற்று மத்தியானம் தறி பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கார் போய்ச் சேரும் முன்பே போய்விட்டார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியின் முடிச்சு, அறுந்த இழைக்கு அவர் போடும் முடிச்சு மாதிரியே சின்னதாக இருந்தது.

மகன் கிருபாசங்கர் எழுந்தான். "நான் பாத்துக்கறனுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் மாலையை வாங்கிக்கொண்டு, லட்சுமணசாமியைப் பந்தலைத் தாண்டித் தறிக்குடோன் பக்கம் கூட்டிப் போனான். வேகமாகப் போனான். அம்மாவின் வாய்க்கு அவன் பயப்படவில்லை. இந்த மனுஷர், கூட்டத்துக்கு நடுவில் ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்றுதான் பயம். ஒரே ஒரு தேதி.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். ஆடி வெள்ளி, ஆகஸ்ட் பதினொன்று. துணி வியாபாரி கொடுத்த நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் செக்கை அப்பா அவன் கையில் கொடுத்தார். "பத்து மணிக்கே போயிப் போட்டுப்போடு கண்ணு. செவ்வாக்கெழமை லீவு. பொதங்கெழமை நூல்கடைச் செக்கு வருது. நம்ம பேரு இதுலதான் நிக்குது" என்று சொல்லிவிட்டுப் பல்லடம் பஸ் ஏறினார். அவன் சிலிப் எழுதி, செக்கோடு சட்டைப் பையில் வைத்தான். அப்போதுதான் அம்மா பார்த்தாள்.

"ஆடி வெள்ளியும் அதுவுமா, ஊட்டுக்கு வந்த லட்சுமிய வெளிய அனுப்புவாங்களாடா?"

பிடுங்கினாள். மூலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். சாமி படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டில் வைத்துக் கும்பிட்டாள். செக்கு என்பது இன்னும் வீட்டுக்கு வராத பணம், பேங்க்கில் போட்டால்தான் வரும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. அவனுக்குப் பொறுமையில்லை. சனிக்கிழமை போட்டால் போச்சு என்று விட்டுவிட்டான். சாயங்காலம் அப்பா வந்து செருப்பைக் கழற்றியபடியே, "போட்டாச்சா?" என்றார். "போட்டாச்சுங்ப்பா." சனிக்கிழமை விடிவதற்குள் சிநேகிதர்கள் வேன் பிடித்து அந்தியூர் தேர்ச்சந்தைக்குக் குதிரை பார்க்கக் கிளம்பினார்கள். வேன் ஹாரன் அடித்தது. ஏறிவிட்டான்.

திங்கட்கிழமை போட்டான். பதினாலாம் தேதி. புதன்கிழமை நூல்கடை அப்துல் வஹீது பாயின் செக்கு பணமில்லாமல் திரும்பியது. பேங்க் அதற்கு அறுபது ரூபாய் அபராதம் போட்டது. பாய் சத்தம் போடவில்லை. இனிமேல் ரொக்கத்துக்குத்தான் நூல் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். சுப்பண்ணன் செக்கு திரும்பிவிட்டது என்ற பேச்சு அதற்குள் சோமனூர் முழுக்கப் போய்விட்டது. ரொக்கத்துக்கு வட்டிக்கு வாங்கினார். வட்டிக்குத் தறியை விற்றார். பேங்க்கில் இருந்த தறிக்கடன் தவணை தவறியதும் அதற்கு வேறு அபராத வட்டி விழுந்தது.

அப்பா எழுத ஆரம்பித்தார். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கார்பன் வைத்து இரண்டு காப்பி. எழுதி முடித்ததும் வீடே கேட்கிற மாதிரி வாசிப்பார். "ஐயா, கடந்த 11.8.95 வெள்ளிக்கிழமை அன்று செலுத்தப்பட்ட காசோலையைத் தாங்கள் உரிய காலத்தில் வரவு வைக்காத காரணத்தால்..." அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக மகனைப் பார்ப்பார். "வெள்ளிக்கெழமைதானே கண்ணு?"

"ஆமாங்ப்பா."

அஞ்சாறு மாதம் இப்படிக் கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். தேதி வரும் இடத்தில் நிறுத்தாமல், தலை தூக்காமல் வாசித்துக்கொண்டே போவார். அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று கிருபாசங்கர் நினைத்துக்கொண்டான். கேட்காத அந்த ஞாயிறுகளில்தான் அவனுக்குச் சோறு இறங்காது.

குடோனுக்குள் இருட்டு. மூலையில் இரண்டு தறி. மற்ற ஆறும் இருந்த இடத்தில், சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறை நீள்சதுரமாக ஆறு. தறி ஓடாதபோது இந்த இடம் இத்தனை அமைதியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. டக்கு டக்கு என்று. காதைத் தேய்த்துக்கொண்டான். நிற்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். அம்மா கொஞ்சம்..."

"பரவாயில்லீங் தம்பி. அவங்க அப்படித்தான் பேசோணும். உங்கப்பாவே சொல்லியிருக்காரு."

"என்ன சொன்னாரு?"

லட்சுமணசாமி விற்றுப் போன தறி ஒன்றின் கறையைச் சுற்றிக்கொண்டு நடந்தார், மிதிக்காமல்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, பொங்கல் முடிஞ்ச வாரம். இவரு மாசா மாசம் வந்து நிக்கறதப் பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. ரெக்கார்டு ரூம்ல பூந்து பழைய சிலிப்புக் கட்டெல்லாம் பிரிச்சுத் தேடிப்போட்டேன். கெடச்சுது. நீங்க எழுதுன சிலிப்பு."

கிருபாசங்கர் தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். இரும்பு குளிர்ந்திருந்தது.

"பதினாலாம் தேதி முத்திரை. உங்க கையெழுத்து. செக்குல இருந்த குங்குமம் சிலிப்புல அப்பியிருந்துச்சு. உங்கப்பாருகிட்டக் காட்டுனேன். அந்தக் குங்குமத்த வெரல்ல தொட்டுப் பாத்தாரு. தண்ணி கேட்டாரு. குடிச்சாரு. 'இத ஊட்டுக்குத் தபால்ல அனுப்பிப்போடாதீங் சாமி'ன்னாரு. அவ்வளவுதான்."

வெளியே தப்பட்டைக்காரர்கள் தோலைத் தீயில் காட்டிச் சுதி பார்த்தார்கள். ஒரு அடி. அப்புறம் ஒன்று.

"அபராத வட்டிய ஒத்துக்கிட்டாரு தம்பி. நாலு தவணையில கட்டியும் போட்டாரு. பேங்க்குக்கும் அவருக்கும் இப்ப வழக்கே இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங் சார் எழுதுனாரு? போன வாரங்கூட எழுதுனாருங்களே!"

"நானுங் கேட்டனுங். அடுத்த மாசமும் கவரோட வந்து பெஞ்சுல உக்காந்தாரு. ஏனுங் சுப்பண்ணா, இன்னுமா எழுதறீங்கன்னு கேட்டேன்." லட்சுமணசாமி மூக்கை உறிஞ்சினார். "'நான் நிறுத்திப்போட்டா ஏன் நிறுத்துனீங்கன்னு ஊட்ல கேப்பாங்களே சாமி'ன்னாரு. நான் முத்திரை குத்தி ஒரு காப்பியத் திருப்பிக் குடுப்பேன். இன்னொண்ணு என்ற டிராயர்ல கெடக்குது. மேனேஜருக்குத் தெரியாது. பத்து நிமிசம் உக்காந்து, மின்விசிறி அடியில காத்து வாங்கிட்டுப் போவாரு."

கிருபாசங்கருக்கு அழுகை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. தலை தூக்காமல் வாசித்துக்கொண்டு போன அந்தக் குரல். கேட்காமல் விட்டவர், இரண்டு வருஷமும் அவனுக்காகத்தான் கேட்காமல் விட்டிருக்கிறார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்."

"சொல்லப் போறீங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் பங்காளி ஒருவர் எட்டிப் பார்த்து, "கொள்ளி வெக்கறவன் இங்க வந்து நின்னா எப்பிடி? வா வா, நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். மாலை அவன் கையிலேயே இருந்தது. அம்மாவைப் பார்க்காமல் அதைக் கொண்டுபோய் அப்பாவின் காலடியில் வைத்தான். அம்மா பார்த்தாள்.

பாடை எடுக்கும்போது தப்பட்டைக்காரர்கள் முன்பணம் கேட்டார்கள். சாமியாத்தாள் உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னால் இருந்த டப்பாவைத் திறந்தாள்.

"நங்கை, வெள்ளிக்கெழமைங்க" என்றாள் ராமாத்தாள், பழக்கத்தில்.

"அவிங்களே போறாங்கொ. இனி எந்த லட்சுமியப் புடிச்சு வெக்கறது?"

நோட்டுகளைத் தட்டோடு கொண்டுவந்து மகன் கையில் கொடுத்தாள். அதே பித்தளைத் தட்டு. விளிம்பில் பழைய குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அப்பா படுத்திருந்த இடத்தைக் கழுவி, விளக்கேற்றி, ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஆணியில் அவர் சட்டை தொங்கியது, பையில் பேனாவோடு. காற்றில் சட்டையின் கை அசைந்தபோது கிருபாசங்கர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். உறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். மடியில் அப்பாவின் ரெக்ஸின் பை. முப்பத்தொரு காப்பியும் அதற்குள் இருந்தன, முத்திரையோடு. அதைப் பிரித்து வெள்ளைத்தாள் இரண்டை எடுத்தாள். நடுவில் கார்பனை வைத்தாள். அப்பா வைக்கிற மாதிரியே ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தாள். எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வந்தாள்.

"அந்தாளு என்ன சொன்னான்? குடோனுக்குள்ள அத்தன நேரம் பேசுனீங்களே."

"அம்மா..."

"சொல்லு."

அவளுக்குக் கண் வீங்கியிருந்தது. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனாலும் முகத்தில் ஏதோ ஒன்று மட்டும் இறங்காமல் நின்றுகொண்டிருந்தது. தன் புருஷன் பக்கம் நியாயம் இருந்தது என்கிற அது. அவன் அதைப் பார்த்தான். ஆடி வெள்ளி என்று ஆரம்பித்தால் போதும். இரண்டு நிமிஷ வேலை.

"பாத்துச் சொல்றமுன்னு சொன்னாருங்கம்மா."

பேனாவை வாங்கினான். தேதி போட்டான். 'ஐயா' என்று எழுதினான். 'யா'வின் கால் அவன் கை அறியாமல் நீண்டு கீழே வளைந்தது, அப்பா வளைப்பது போலவே. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். குடோன் பக்கம் டக்கு டக்கு என்று ஓடியது. வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'கடந்த 11.8.95 வெள்ளிக்கிழமை அன்று.' விரல் நுனியில் கார்பன் நீலம் ஏறிவிட்டது.

அம்மா இன்னும் கிட்டே நகர்ந்து, தாளின் மேல் குனிந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் விரலால் அந்த வரியைத் தொட்டுக்கொண்டே கேட்டாள்.

"உங்கப்பன் செத்ததையும் சேத்து எழுது கண்ணு. அவிங்களுக்கும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்குமல்லோ? இந்தத் தடவ தப்ப ஒத்துக்குவாங்கதானே? ஏஞ்சாமி, நீ என்ன நெனைக்கற?"