துண்டில் சுற்றிய கார்டு

பென்டிரைவைச் செருகி மூன்றாவது தடவை கம்ப்யூட்டரை ஆன் செய்தபோதும் அதே கதைதான். திரை நடுவில் சின்னம் வந்தது. அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்து, அரைச் சுற்றில் அப்படியே நின்றன. அவர் கீபோர்டைத் தட்டிப் பார்த்தார். எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

"புது சாஃப்ட்வேரை ஏத்தற இன்ஸ்டாலரே உள்ள போகமாட்டேங்குது," என்றார்.

அவள் கதவருகே நின்றிருந்தாள். விவாகரத்துக்குப் பிறகு அவர் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. அவளுடைய மொழிபெயர்ப்பு வேலை முழுக்க அந்தக் கம்ப்யூட்டரில்தான். அது படுத்தால் பிழைப்பும் படுத்துவிடும். கடைக்காரர் கையை விரித்த பிறகு வேறு வழியில்லாமல், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவருக்குப் போன் செய்தாள். தட்டிக்கழிப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். "சாயங்காலம் வரேன்" என்று அவர் உடனே சொல்லிவிட்டார். வீட்டை இரண்டு முறை பெருக்கினாள். அதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் பட்டுக்கொண்டாள்.

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். வேறு பென்டிரைவைப் போட்டுப் பார்த்தார். இரண்டு மெமரிச் சில்லுகளில் ஒன்றை உருவிவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. சேர்ந்து வாழ்ந்த காலத்தில், அவள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விடுகிற மனிதர் இவர்.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கா. காலேஜ், அனிமேஷன்னு எந்நேரமும் ஏதாவது வரைஞ்சிட்டே இருக்கா."

"நான் பண்ணினா போனை எடுக்கறதில்ல."

அவர் ஸ்குருவைத் திருகுவதில் மும்முரமானார். கடைசியாகப் பெரிய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, திரையின் ஒயரை மதர்போர்டிலேயே செருகி ஆன் செய்தார். புள்ளிகள் சுற்றின. நிற்கவில்லை. எந்த மொழி வேண்டும் என்று திரை கேட்டது.

"அப்ப கார்டு போச்சா?"

"கார்டு நல்லாத்தான் இருக்கும். இந்தப் பழைய போர்டுல இருக்கறப்ப, புதுசா ஏத்தற சாஃப்ட்வேரோட ஒத்துப்போகமாட்டேங்குது. வேற மிஷின்ல பிரமாதமா ஓடும்."

மகளுக்காக வாங்கிய கார்டு அது. அப்பா வீட்டு வசதிக்கு அவள் ஏங்க வேண்டாம், இங்கேயே இருந்து வரையட்டும் என்று வாங்கினாள். பரீட்சை முடிந்த கையோடு மகள் பையைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள்.

அவர் கார்டின் தூசியை ஊதினார். அதை மேசைமேல் வைக்கவில்லை.

"உனக்கு எழுத்து வேலைதானே, இது தேவைப்படாது," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "எப்பவாவது அங்க போனீங்கன்னா அதைக் கழட்டி எடுத்துட்டு வாங்கப்பான்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தா."

போனில் அவர் ஏன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அவளே வந்து கேட்டிருக்கலாமே."

"வரமாட்டா. உனக்குத் தெரியாததா?"

தரமாட்டேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அது மகளிடம் எப்படிப் போய்ச் சேரும் என்பதும் தெரிந்தது. அலமாரியிலிருந்து துவைத்து மடித்த துண்டு ஒன்றை எடுத்து, கார்டை வாங்கி, முனை எதுவும் வெளியே நீட்டாதபடி சுற்றிக் கொடுத்தாள்.

"பத்திரமாக் கொண்டு போங்க. கீழ போட்டுட்டு நான்தான் உடைச்சேன்னு சொல்லிடாதீங்க."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் ஒரு கணம் நின்றார். "மிச்சத்தை அதுவே பாத்துக்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அழுத்திட்டே இரு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை. பெட்டியின் பின்புறம், கார்டு இருந்த இடத்தில் நீளமாக ஒரு சந்து திறந்து கிடந்தது. அதனருகே கையைக் கொண்டுபோனாள். உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான காற்று விட்டுவிட்டு அவள் விரல்களில் பட்டது.