கல் பொறுக்கிய ஆறு பேர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஷத்லி ஊன்றுகோலை என் வாசலில் சாய்த்துவிட்டு, நீதான் என்னென்னவோ எழுதுகிறாயே, என் கால் போனதை எழுது என்றான். மறுத்தால் தினமும் வந்து என் தேநீரைக் குடிப்பான். எழுதுகிறேன்.

உங்களுக்கும் ஒரு வேலை. அடுத்த பகுதியில் நாங்கள் எத்தனை கல் எடுக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே படியுங்கள். [இலக்கியம் படிக்க வந்த இடத்தில் இதென்ன கூலி வேலை என்றால், நாங்கள் பகலெல்லாம் செய்தது இதைத்தான்.]

2

ஸஃபாக்ஸ் நகரத்தின் டிசம்பர் காலைப் பொன்னொளியில்... [வெட்டு. எண்ணெய் ஆலைக்குள் பொன்னும் இல்லை, ஒளியும் இல்லை.]

ஆலையின் அந்தக் கோடியில் ஷத்லி ஆலிவ் காயைக் குழிக்குள் தள்ளுவான். வாளிச் சங்கிலி அதை மேலே ஏற்றி பெல்ட்டில் கொட்டும். பெல்ட்டின் இருபுறமும் கல் பொறுக்க நாங்கள் பெண்கள் ஆறு பேர். கல் தப்பிப் போனால் அரைக்கிற சுத்தியல் உடையும்; விட்டவள் மறுநாள் வரவேண்டாம். எதிரே நின்ற மன்னூபியா ஒரு கருங்கல் எடுத்தாள். நான் ஒரு சுண்ணாம்புக் கல். பிறகு இலைக் கொத்து, மஞ்சள் பூட்ஸ், ஈர மண்கட்டி, அதற்குள் ஒளிந்து வந்த கூழாங்கல். அதையும் பிடித்தேன். கழுகுக் கண் என்றார் மேஸ்திரி ஹம்மாதி. தலைக்கு மேல் கயிறு தொங்கியது. இழுத்தால் எல்லாம் நிற்கும்.

3

மூன்று கல். சபாஷ்.

பூட்ஸ் ஷத்லியுடையது. சங்கிலி அவன் காலைக் கவ்வியதும் கழன்று மேலேறி, ஆறு ஜோடிக் கண்களைத் தாண்டி, அரைக்கும் வாயில் சிக்கியது. அப்போதுதான் ஆலை நின்றது. அதற்குள் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அவன் கத்தியிருப்பான்; அந்த இரைச்சலில் பாங்கு சொன்னாலே கேட்காது.

மண்கட்டிக்குள் கல்லைக் கண்டவளுக்கு முழ நீள பூட்ஸ் தெரியாதா என்றார் முதலாளி. நியாயமான கேள்வி.

நீங்கள் பார்த்தீர்களா? அப்படியானால் ஏன் படிப்பதை நிறுத்தவில்லை?

4

முடிவு ஒன்று: நான் பூட்ஸைக் கண்டு கயிற்றை இழுக்கிறேன். ஷத்லிக்குப் படித்துக் காட்டினேன்.

“இதுல எனக்கு ரெண்டு காலும் இருக்கே, அக்கா. அப்புறம் நான் ஏன் இங்க வந்து இந்த எழவக் கேக்கணும்?”

முடிவு இரண்டு: கண்டேன், பெல்ட்டை நிறுத்தினால் வேலை போகுமென்று விட்டுவிட்டேன்.

“இது பரவால்ல. திட்டுறதுக்கு ஒரு ஆளாவது கெடைக்கும்.” கிளாஸைக் கீழே வைத்தான். “நெசமா சொல்லு. பாத்தியா, இல்லையா?”

ஒன்பது மாதமாக அவன் கேட்க வந்தது இதுதான்.

“கல்லத்தாண்டா பாத்தேன்.”

அவன் நம்ப வேண்டும். நம்பினானா என்று முகத்தைப் பார்த்து எழுதலாம் என்றால், காலி கிளாஸை நீட்டிக்கொண்டு உங்கள் பக்கம் திரும்பிவிட்டான். நான் தேநீர் போட்டு வருகிறேன். அதற்குள் அவனுக்கு நீங்கள் பதில் சொல்லிவையுங்கள். அன்று பெல்ட்டருகே நின்று எண்ணியவர்தானே நீங்களும்.