எங்கே பட்டாலும் நேராகப் போகும்

கண் டாக்டருக்குக் கையில் ஒரு கத்தி, நாக்கில் ஒரு கத்தி என்று கோல்ஃப் கிளப்பில் சொல்வார்கள். நாக்கில் இருந்தது நாளுக்கு நாள் தீட்டப்பட்டு வந்தது. கையில் இருந்தது மழுங்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. அது ஆபரேஷன் அறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, பயிற்சித் திடலின் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை போட்டு, புது மட்டைகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தான் ஒரு விற்பனையாளன். தலை பெருத்து, அடிப்பாகம் அகலமாகி, முதுகு குடையப்பட்ட இரும்பு மட்டைகள். நன்றாக ஆடத் தெரியாதவர்களுக்காகவே வடிவமைத்தவை என்பதை அவன் நேரடியாகச் சொல்லாமல், "எங்க பட்டாலும் நேராப் போகும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அடித்துப் பார்த்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தன் செல்போனில் பதிவு செய்துகொண்டும் இருந்தான். கம்பெனியில் கேட்கிறார்களாம்.

டாக்டர் ஒரு மட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது மட்டையா, மண்வெட்டியாய்யா? ஓ, எங்க சகலைக்குன்னே செஞ்சிருக்கீங்களா?"

சகலை சிரித்தார். எப்போதும் சிரிப்பார். அக்காவை டாக்டரும் தங்கையைச் சகலையும் கட்டியிருந்தார்கள். கண் ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகை டாக்டருடையது; கட்டடமும் நிர்வாகமும் சகலையுடையது. சகலை மட்டையைச் சுழற்றினால் பந்தைவிட மண்தான் அதிகம் பறக்கும். அதைச் சொல்லிக் காட்டாத ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. மாமியார் வீட்டு விசேஷத்தில், பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "எங்க சகலை கோல்ஃப் ஆடுறார்னு சொல்லாதீங்க, உழுறார்னு சொல்லுங்க" என்று டாக்டர் சொன்னதற்கு, சகலையின் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆடத் தெரியாதவ முற்றம் கோணல்னு சொன்னாளாம். இவன் என்னடான்னா முற்றத்தையே நிமித்தி விக்கிறான்" என்றார் டாக்டர்.

"முதல்ல நான் அடிக்கிறேன். எனக்குத்தான் முற்றமே தெரிய மாட்டேங்குதே" என்று எழுந்தார் மேஸ்திரி.

மேஸ்திரி என்பது பழைய தொழிலின் மிச்சம். இப்போது பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று கட்டித் தள்ளும் கான்ட்ராக்டர். பெயர் மட்டும் மாறவில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வியாழக்கிழமை டாக்டரின் ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்கு ஆபரேஷன். பந்தை அடித்துவிட்டு, "எங்க போச்சு?" என்று மற்றவர்களைக் கேட்பார். நேராகப் போன பந்தையும், "குளத்துல விழுந்துச்சுய்யா" என்பார் டாக்டர். மேஸ்திரியின் முகம் தொங்குவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம். ஆனால் கிட்டத்தில் இருப்பது மேஸ்திரிக்குப் பளிச்சென்று தெரியும். புரை முற்றும்போது தூரம் மங்கி, கிட்டப் பார்வை கொஞ்ச காலத்துக்குக் கூர்மையாகும் என்று டாக்டர்தான் விளக்கினார். அன்றிலிருந்து மேஸ்திரி கண்ணாடி இல்லாமல் பேப்பரை மூக்கில் ஒட்டிக்கொண்டு படித்து, வீட்டில் பெருமையடித்துக்கொள்கிறார்.

விற்பனையாளன் மட்டையின் முகத்தில் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைப் பீய்ச்சினான். பந்து எந்த இடத்தில் படுகிறதோ அந்த இடத்தில் பொடி கலைந்து ஒரு வட்டம் விழும். மேஸ்திரி நாலைந்து பந்து அடித்தார்.

"எப்படி சார் இருக்கு?"

"சத்தம் தகர டப்பாவை உதைச்ச மாதிரி இருக்கு. ஆனா கை வலிக்கல. எங்க போச்சு டாக்டரே?"

"குளம்."

"நாலுமா?"

"மீன் பாவம்யா."

மேஸ்திரி சலித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரியைச் சொல்லணும். காலையில சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டா. ஒரு கண்ணு அரைகுறை, இன்னொன்னும் சுமார். ஆபரேஷன் பண்ணின கண்ணைத் தூக்கத்துல கசக்காதேன்னு நம்ம டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். கசக்கிட்டா. கேட்டா இல்லவே இல்லைங்கறா. மருமக முன்னாடியே நாலு வார்த்தை கேட்டுட்டேன் இன்னைக்கு."

டாக்டர் மட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் கண்ணைக் கசக்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன்பு, லென்ஸை உள்ளே நுழைக்கும் கடைசி நொடியில் டாக்டரின் வலது கை தன்பாட்டுக்கு ஒரு தாளம் போட்டது. கருவி மயிரிழை சறுக்கியது. உள்ளே லென்ஸைத் தாங்க வேண்டிய மெல்லிய பை கிழிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது, "ராத்திரி கசக்கியிருக்கீங்க" என்று டாக்டர் அதட்டினார். அந்த அம்மாள் பயந்துபோய், "இல்லைங்களே" என்று புருஷனைப் பார்த்தாள். புருஷன் டாக்டரைத்தான் நம்பினார்.

அதன் பிறகு ஆபரேஷன்களை ஜூனியர் டாக்டரம்மாதான் செய்கிறாள். நோயாளிக்கு மயக்கம் கிடையாது, கண் மட்டும்தான் மரத்திருக்கும்; முகத்தைத் துணி மூடியிருக்கும். டாக்டர் தலைமாட்டில் நின்றுகொண்டு, "அவ்வளவுதான், முடிஞ்சது, அசையாதீங்க" என்று பேசிக்கொண்டே இருப்பார். குரல் எங்கிருந்து வருகிறதோ, கையும் அங்கிருந்துதான் வருகிறது என்று துணிக்கு அடியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

கோல்ஃபில் இப்படிப் பேசித் தப்பிக்க வழியில்லை. அவர் வைத்திருப்பது கத்தி போல மெலிந்த பழைய வகை மட்டைகள். பந்து நடுவில் பட்டால் வெண்ணெய். கொஞ்சம் விலகினாலும் முழங்கை வரை விண்ணென்று தெறிக்கும். சமீபமாகத் தெறிக்காத அடியே இல்லை. தோள்பட்டை வலி என்று சொல்லிவைத்திருந்தார். வெளியூரில் ஒரு நரம்பு டாக்டரை ரகசியமாகப் பார்த்து, இரண்டு வாரமாகப் புது மாத்திரை சாப்பிடுகிறார்.

விற்பனையாளன் மட்டையைத் துடைத்து, மறுபடி பொடி அடித்து நீட்டினான். "சார், நீங்க?"

"கொடு. இந்தக் கண்றாவியையும் பார்த்துடலாம்."

முதல் பந்து உயரமாக எழும்பி, நூற்றைம்பது கஜப் பலகையைத் தாண்டி விழுந்தது. டாக்டர் கையைப் பார்த்தார். தெறிப்பு இல்லை. இரண்டாவது. மூன்றாவது. கயிறு கட்டி இழுத்த மாதிரி எல்லாம் ஒரே கோட்டில். கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. கை சரியாக இருந்த காலத்தில் இருந்தது போலவே சுகமாக இருந்தது. மாத்திரை வேலை செய்கிறது! இந்த எண்ணம் வந்ததும் நெஞ்சு லேசாகி, அடுத்தடுத்து அடித்துக்கொண்டே போனார். பந்து பறக்கும் திசையையே பார்த்தார். மட்டையின் முகத்தை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

"சார், எப்படி இருக்கு? நாலு வார்த்தை சொல்லுங்க" என்று செல்போனை நீட்டினான் விற்பனையாளன்.

"மட்டையில என்னய்யா இருக்கு? கை இருக்கணும். சகலை கையில கொடுத்தா இதுவும் உழும்." மேஸ்திரி பக்கம் திரும்பினார். குரலில் பழைய மிடுக்கு வந்திருந்தது. "யோவ் மேஸ்திரி, வியாழக்கிழமை உன் கண்ணை நானே பண்றேன்யா."

"பின்ன வேற யார் பண்றதா இருந்தது?"

தன் முறைக்காகக் கை கட்டி நின்றிருந்த சகலை நிமிர்ந்து பார்த்தார்.

"பேச்சுக்குச் சொன்னேன். இந்தா, கிட்டத்துல இருக்கறதுதான் உனக்கு ஜோராத் தெரியுமே. ஒரே இடத்துல ஒரு காசு அளவுக்கு வட்டம் இருக்கும், பாரு. பார்த்துக் கத்துக்க" என்று மட்டையை அவர் மடியில் போட்டார்.

மேஸ்திரி மட்டையின் முகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பேப்பர் படிப்பதுபோல இடமிருந்து வலமாகப் பார்த்தார். சிரித்தார்.

"போங்க டாக்டரே. சகலை அடிச்ச மட்டையைக் கொடுத்து ஏமாத்தறீங்களா?"

"நான் இன்னும் அடிக்கவே இல்லைங்களே" என்றார் சகலை.

மேஸ்திரி திரும்பவும் பார்த்தார். ஒரு வட்டம் நுனியில். இன்னொன்று குதிப் பக்கத்தில், கம்பு சேரும் இடத்தை ஒட்டி. மற்றொன்று அடி விளிம்பில் பாதியாக. பொடியில் கலையாமல் இருந்த ஒரே இடம் நடு.

விற்பனையாளன் எட்டிப் பார்த்துத் துள்ளினான். "சார்! இதான் சார் நான் சொன்னது! பாருங்க, ஒரு அடிகூட உருப்படியாப் படல. ஆனா பந்தெல்லாம் எப்படிப் போச்சு! இவ்வளவு மோசமா அடிச்சும் இவ்வளவு நேரா... ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார், கம்பெனிக்கு அனுப்பணும்."

"கொடுய்யா இப்படி" என்று டாக்டர் மட்டையைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

மட்டையின் தலையைப் பிடிக்கும் முன், விரல்கள் அதை நெருங்கிய நேரத்தில், அந்தத் தாளம் தொடங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரும்பில் தட்டித் தட்டி விலகின. மேஸ்திரியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். அவருக்கு இருந்த பார்வையிலேயே நல்ல பார்வை அந்த ஒரு சாண்தான்.

மேஸ்திரி மட்டையை விடவில்லை. விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விற்பனையாளன் போட்டோ எடுத்துவிட்டு மேசைக்குப் போய்விட்டான்.

"டாக்டரே" என்றார் மேஸ்திரி கடைசியில். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சுவரில் விரிசல் எதனால் வந்தது என்று விசாரிக்கிற குரலில் கேட்டார். "என் வீட்டுக்காரி கண்ணைக் கசக்கினாளா, இல்லையா?"

"கசக்கினாங்க."

"நிஜமா?"

"சொல்றேன்ல. கசக்கினாங்க."

மேஸ்திரி சகலை பக்கம் முகத்தைத் திருப்பினார். அவ்வளவு தூரத்தில் சகலை அவருக்கு ஒரு நிழல்தான். "நீங்க சொல்லுங்க. நிர்வாகம் உங்களோடது. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

டாக்டரும் சகலையைப் பார்த்தார். ஆபரேஷன் அறை நர்ஸ் எல்லாவற்றையும் அன்றைக்கே இவனிடம் சொல்லியிருக்கிறாள் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான்கு மாதமாகத் தெரிந்திருந்தும், ஞாயிறு தவறாமல், உழுகிறான் என்பதற்குச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். பந்தியில் உட்கார வைத்து அவமானப்படுத்திய ஒவ்வொரு விசேஷமும் டாக்டருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. இவன் வாயைத் திறந்தால் போச்சு. ஒரு வார்த்தை போதும்.

சகலை அவசரப்படவில்லை. கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்.

"கசக்கினாங்கண்ணே" என்றார். "நர்ஸ் பார்த்திருக்கு. விடியக்காலை ரெண்டு கையாலயும் கசக்கினாங்களாம். உங்ககிட்ட சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான் விட்டுட்டோம். டாக்டருக்குத் தோள்பட்டையில ஊசி போட்டிருக்கு, அந்த நடுக்கம் இது. ரெண்டு நாளாத்தான். எதுக்கும் உங்க கண்ணை எங்க ஜூனியர் டாக்டரம்மாவே பண்ணட்டும். தங்கமான கை."

மேஸ்திரியின் தோள்கள் தளர்ந்தன. இவ்வளவு வருஷச் சிநேகிதனைச் சந்தேகப்பட்ட வெட்கம் அவர் முகத்தில் ஏறியது. "நர்ஸ் பார்த்துச்சா? அப்படிச் சொல்லுங்க! நான் ஒரு மடையன், என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்று செல்போனை எடுத்து, அதை மூக்கருகே பிடித்துக்கொண்டு மனைவியின் எண்ணைத் தேடினார்.

அவர் தேடிய அந்த அவகாசத்தில் சகலை டாக்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இனிமே ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கால் வைக்காதே" என்றார் தணிந்த குரலில். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒருமையில். "தலைமாட்டுல நின்னு பேசவும் வேணாம். பலகையில பேர் இருக்கட்டும், ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க. காலையில வா, ரூம்ல உக்காரு, சிரி. நான் சொல்றப்ப வீட்டுக்குப் போ."

"சகல..."

"இல்லேன்னா இப்பவே அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன். சொல்லட்டுமா?"

டாக்டர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

மேஸ்திரி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம்; பிறகு அந்த அம்மாளின் குரல். "சொல்லுங்க."

"கண்ணைக் கசக்கவே இல்லைன்னு நாலு மாசமாச் சாதிச்சியே. நர்ஸ் பார்த்திருக்கு, தெரியுமா?"

"காலையிலதானே அவ்வளவு பேசினீங்க. மறுபடியுமா?"

"பேச்சை மாத்தாதே. ரெண்டு கையாலயும் கசக்கினியாம். இங்க ரெண்டு பேரும் நின்னுட்டுச் சொல்றாங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"நர்ஸ் பார்த்தாங்களா?"

"ஆமாங்கறேன்."

"அப்ப கசக்கியிருப்பேன் போலிருக்கு" என்றாள் அந்த அம்மாள். "தூக்கத்துல எனக்கு எங்க தெரியுது. டாக்டர் பக்கத்துல இருக்காரா? அவர் மேல பழி வந்துடப் போகுது. தப்பா எடுத்துக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

"கேட்டுச்சா டாக்டரே?" என்று மேஸ்திரி செல்போனை அவர் பக்கம் நீட்டினார்.

டாக்டர் வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"பரவாயில்லைன்னு சொல்லுய்யா" என்றார்.