போஸ்டரில் ஒரு முகவாய்

அவளுக்கு அரைமார்க் அம்மா என்று பெயர் வைத்த மாணவன் யார் என்று இன்றுவரை தெரியாது. பெயர் மட்டும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்லூரியில் ஊடகவியல் சொல்லிக்கொடுப்பவள். எந்தத் தாளைத் திருத்தினாலும் ஏழு என்றோ எட்டு என்றோ முழுசாகப் போட அவளுக்குக் கை வராது. ஏழரைதான் போடுவாள். ‘எனக்கு ஏழரை பிடிச்சிருக்கு’ என்று அந்தக் கல்லூரியில் யாராவது சொன்னால் அது சனியைப் பற்றிய பேச்சல்ல. அந்த அரை எதற்காகக் குறைந்தது என்று கேட்டால் பொறுமையாக விளக்குவாள். விளக்கத்தைக் கேட்பதற்கு அரை மார்க் போனாலே மேல் என்பது மாணவர்களின் அனுபவம்.

வருஷக் கடைசியில் மற்றக் கல்லூரி மாணவர்களின் செய்முறை வேலைகள் அவளிடம் மதிப்பீட்டுக்கு வரும். இந்த முறை இருபத்திரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு பாட்டை எழுதி, அதற்கு மியூசிக் வீடியோ எடுத்து, அதை விளம்பரப்படுத்த ஒரு போஸ்டரும் ஒரு ஆல்பம் அட்டையும் செய்திருக்கவேண்டும். எதை ஏன் செய்தோம் என்று பத்துப் பக்கத்தில் அறிக்கையும் எழுதவேண்டும். எந்த ஊர்ப் பிள்ளைகள், என்ன பெயர் என்ற விவரம் எதுவும் இருக்காது. குழு எண் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். கணவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாதுதான். ஆனால் இருப்பு எடுக்கவேண்டும் என்று போன இரண்டு மாதத்தில் மூன்று ஞாயிறு கடைக்குப் போய்விட்டார். இருநூறு பிரேமை எண்ண மூன்று ஞாயிறா என்று கேட்டதற்கு, எண்ணினது மறந்து மறந்து போகிறது என்றார்.

பதினாறு குழுக்களை முடித்திருந்தாள். அவற்றில் ஒன்பது வீடியோக்களில் யாரோ ஒருவர் தண்டவாளத்தில் நடந்தார். ஐந்தில் மழையில் நனைந்தார்கள். மீதி இரண்டில் நடந்துகொண்டே நனைந்தார்கள். பதினேழாவது குழுவின் கோப்பைத் திறந்தபோது அவளுக்குக் கொட்டாவி வந்தது.

போஸ்டரைத்தான் எப்போதும் முதலில் பார்ப்பாள். தெருவில் போகிறவன் போஸ்டரைத்தானே முதலில் பார்க்கிறான் என்பது அவள் கட்சி. இந்தப் போஸ்டரில் கண் பரிசோதனைக்குத் தொங்கவிடுகிற எழுத்து அட்டை மாதிரி மேலே பெரிதாகப் பாட்டின் பெயர்: ‘நான் இங்கதான் இருக்கேன்’. அதற்குக் கீழே வரி வரியாக எழுத்து சிறுத்துக்கொண்டே போயிற்று. கடைசி இரண்டு வரி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அட்டைக்குக் கீழே ஓர் ஆணின் வாயும் முகவாயும் மட்டும் தெரிந்தன. மூக்குக்கு மேலே எல்லாம் அட்டைக்குப் பின்னால்.

அவள் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதினாள்: “முக்கிய விவரங்களைப் படிக்கவே முடியவில்லை. படத்திலுள்ளவர் இளைஞர்களை ஈர்க்கக்கூடியவர் அல்லர். குறிப்பாக, உப்புச்சப்பில்லாத முகவாய். இருபதுக்கு ஒன்பதரை.”

எழுதிவிட்டு ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வீடியோவை ஓடவிட்டாள்.

ஒரு கடை. சுவர் முழுக்கக் கண்ணாடிகள். வருகிறவர்கள் எல்லாம் தங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், எடுத்துக் கொடுக்கிறவரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கேமராவும் பார்ப்பதில்லை, கடைக்காரரின் கை தெரிகிறது, முதுகு தெரிகிறது, சட்டைப்பையில் சொருகிய பேனா தெரிகிறது. ஒன்றேமுக்கால் நிமிஷத்தில் பாட்டு சட்டென்று வேகம் பிடித்தது. மதிய இடைவேளைக்குக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, திரும்பி, ஆட ஆரம்பித்தார்.

தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

இருபத்து மூன்று வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிற மனிதர். குடும்பப் படங்களில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி நிற்கிறவர். அவள் தம்பி கல்யாணத்தில் மச்சான்மார் எல்லாரும் ஆடக் கூப்பிட்டபோது, வண்டி பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப்போய் ஒன்றரை மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர். அவர் கண் பரிசோதிக்கிற சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ராட்டினம் மாதிரி சுற்றினார். எழுந்து, ஒரு கையில் ஒரு கண்ணாடியும் இன்னொரு கையில் இன்னொன்றுமாகத் தோளைக் குலுக்கினார். ஆட்டம் என்று அதைச் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். ஆனால் ஆடத் தெரியாதவன் துளி வெட்கமில்லாமல் ஆடினால் அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது என்று அவளே வகுப்பில் சொல்லியிருக்கிறாள்.

பாட்டு முடிந்தது. அவள் மறுபடி போஸ்டரைத் திறந்தாள். அந்த முகவாயை இருபத்து மூன்று வருஷமாகத் தினமும் காலையில் பார்க்கிறாள். படத்தைப் பெரிதாக்கினாள். எறும்பு வரி எழுத்தாயிற்று: ‘இதுவரை படிக்க முடிந்தவர்களுக்குக் கண் நன்றாக இருக்கிறது. முடியாதவர்கள் இந்தக் கடைக்கு வரவும்.’ கண்ணாடியின் பவர் மாறிவிட்டது, வந்து சோதித்துக்கொள் என்று ஆறு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் கடைக்கு ஆள் சேர்க்க நான்தான் கிடைத்தேனா என்று அவளும் ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கடையை மாற்றி அமைத்ததிலிருந்து அவள் அங்கே எட்டிக்கூடப் பார்த்ததில்லை, அதனால்தான் வீடியோவில் கடையும் அடையாளம் தெரியவில்லை.

அறிக்கையைப் பாய்ந்து திறந்தாள். ஆறாம் பக்கத்தில் இருந்தது:

“கடைக்காரராக நடிக்கவிருந்த நண்பருக்கு அம்மை போட்டுவிட்டது. கடையைப் படப்பிடிப்புக்குத் தந்தவரையே கேட்டோம். மறுத்தார். தன் மனைவி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுபவர் என்றும், தான் ஆடியது தெரிந்தால் அதற்கும் போட்டுவிடுவார் என்றும் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே சம்மதித்தார்.”

அவள் மடிக்கணினியை மூடி வைத்தாள். எல்லாவற்றுக்குமா போடுகிறேன் என்று அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன மாதம் அவர் வைத்த குழம்புக்கு “பரவாயில்லை, ஆறரை” என்றாள். அவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பூட்டிய புத்தக அலமாரியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கதவு சாய்ந்திருக்கிறது என்று ஒன்றரை குறைத்தாள். கல்யாண நாளன்று வெட்கப்பட்டு வெட்கப்பட்டு ஒரு பாட்டுப் பாடினார். பல்லவி நன்றாக இருந்தது, சரணத்தில் சுருதி இறங்கிவிட்டது என்றாள். எல்லாம் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அவரும் சிரித்தார் என்றுதான் நினைத்திருந்தாள். அதற்கப்புறம் அவர் பாடியதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

மதிப்பீட்டுக்கு வந்தவர்களில் மதிப்பீட்டாளருக்கு உறவினர் யாராவது இருந்தால் உடனே தெரிவிக்கவேண்டும் என்று ஒரு விதி உண்டு. அவள் தலைமைத் தேர்வாளருக்குப் போன் செய்தாள். பதினேழாம் குழுவில் ஓர் உறவு வந்திருப்பதாகச் சொன்னாள்.

“மாணவர் உங்களுக்கு உறவா?”

“மாணவர் இல்ல சார். அதுல நடிச்சவர்.”

“நடிச்சவர் எப்படி உறவு?”

“கட்டிக்கிட்ட உறவு.”

 அந்தப் பக்கம் தலைமைத் தேர்வாளர் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. விதியில் இதற்கு இடமில்லை, ஆனாலும் பதினேழாம் குழுவை வேறொருவருக்கு அனுப்பிவிடலாம் என்றார். ஏற்கெனவே போஸ்டருக்குப் போட்ட ஒன்பதரையை ரத்து செய்யவேண்டும் என்றாள். காரணம் எழுதவேண்டுமே என்றார் அவர். அவள் படிவத்தில் மறைக்காமல் எழுதினாள்: ‘மதிப்பீட்டாளரின் பார்வைக் குறைபாடு.’ முகவாயைப் பற்றி எழுதியதை மட்டும் கறுப்பு மையால் நன்றாக அடித்துவிட்டாள். அதோடு, முடிவு வெளியாகும்வரை பார்த்ததைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக்கூடாது, கணவரிடமும்கூட, என்று தலைமைத் தேர்வாளர் ஞாபகப்படுத்தினார். முடிவுக்கு இன்னும் மூன்று வாரம்.

அந்த மூன்று வாரத்தை அவள் கழித்த விதம் அவளுக்குத்தான் தெரியும். மத்தியானம் அவர் வந்து சட்டையைக் கழற்றி மாட்டினால், சட்டைப்பையில் அந்தப் பேனா. நாற்காலியில் உட்கார்ந்தால், இப்போது சுற்றுவாரோ என்று தோன்றும். பதினேழாம் குழுவின் கோப்பை அனுப்பிவிட்டபின் கணினியிலிருந்து அழிக்கவேண்டும் என்பது விதி. அழிப்பதற்கு முன் சரிபார்க்கவேண்டும் என்று திறந்தாள். ஐந்து தடவை சரிபார்த்தாள்.

இரண்டாவது வாரம் புது மதிப்பீட்டாளரின் குறிப்பு, படிவங்களோடு படிவமாக அவள் பார்வைக்கும் வந்தது. அந்த அம்மாள் அள்ளி வீசுகிற கைக்காரி என்று பேர் எடுத்தவள். போஸ்டருக்கு இருபதுக்குப் பத்தொன்பது. பக்கத்தில் எழுதியிருந்தாள்: “அந்த முகவாயில் ஒரு தனி அழகு. இந்த மனிதரை எங்கே பிடித்தார்கள்?”

அரைமார்க் அம்மா அதை மூன்று தடவை படித்தாள். எங்கே பிடித்தார்களாம். அன்றைக்கு முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது குளியலறை வாசலில் நின்று, சோப்பு நுரைக்குள்ளிருந்து அந்த முகவாய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதைப் பார்த்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். குழாய் சொட்டுகிறதா என்று பார்த்தேன் என்றாள்.

குட்டு உடைந்தது மூன்றாவது வாரம், முடிவு வருகிற அன்றைக்கே காலையில். அவர் கூடத்தில் சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ நினைப்பில், வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்: “நான் இங்கதான் இருக்கேன், நீ எங்க தேடுறே…”

அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தாமலே அடுத்த அடியை எடுத்தாள்: “கதவுக்குப் பின்னால இல்ல, கண்ணுக்கு முன்னால…”

இஸ்திரிப்பெட்டி நின்றது. கத்தியும் நின்றது.

அவர் அடுக்களை வாசலுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே பாடிட்டிருந்தீங்க.”

“நான் முதல் வரிதான் பாடினேன்.”

அவள் வெங்காயத்தைப் பார்த்தாள். வெங்காயம் உதவிக்கு வரவில்லை. முடிவு பத்து மணிக்குத்தான் வெளியாகும், அப்போது மணி எட்டேகால். விதி இருக்கிறது, நான் ஒன்றும் சொல்லமுடியாது என்றாள். விதி என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மேசைமுன் போய் உட்கார்ந்தார். சட்டை தீய்கிற வாசனை வந்தது. அவளே ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு வந்தாள்.

“எவ்வளவு போட்டே?” என்றார்.

“நான் போடலைங்க. போடமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். வேற ஒருத்தங்க போட்டாங்க.”

“ஏன், அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?”

 இத்தனை வருஷமாக ஆயிரக்கணக்கான தாளுக்குக் குறிப்பு எழுதியவளுக்கு, எதிரில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரிடம் சொல்ல ஒரு வரி வரவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னாள்.

“மதிப்பெண் போடறதுக்கு ரெண்டு தடவை பார்த்தாப் போதும். நான் முதல் தடவைக்கப்புறம் அஞ்சு தடவை பார்த்தேன். விதிப்படி பார்த்திருக்கக்கூடாது.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சொல்வது வேடிக்கைக்கா என்று கண்ணில் தேடினார். வேடிக்கைக்கு இல்லை என்று தெரிந்ததும் காது சிவந்துவிட்டது.

அப்புறம் பேச்சு மடை திறந்தது. நாற்காலியில் சுற்றியது நான்காவது டேக், முதல் மூன்றிலும் வாந்தி வருகிற மாதிரி ஆகிவிட்டது என்றார். படம் எடுத்த பெண் சரியான கறார்ப் பேர்வழி, தோளைக் குலுக்குகிறதை மட்டும் பதினோரு தடவை செய்யச் சொன்னாள் என்றார். தோள் குலுக்கலை எங்கே கற்றீர்கள் என்று கேட்டாள்.

“உன் பொண்ணுதான். வீடியோ கால்ல சொல்லிக் குடுத்தா.”

மகள் வேறொரு நகரத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் தெரியும், கடை உதவியாளருக்குத் தெரியும், எதிர்க்கடைத் தையல்காரருக்கும் தெரியும், ஷட்டர் பாதிதானே இறங்கியிருந்தது. வீட்டில் இருக்கிற ஒருத்திக்குத்தான் தெரியாது. கோபித்துக்கொள்ளலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, உண்மையிலேயே நல்ல அடவு ஒன்று இருந்தது, நீளம் அதிகமாகிவிட்டது என்று அந்தப் பெண் வெட்டிவிட்டாள் என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மனத்தாங்கல்.

“எப்படி இருந்துச்சு அது?”

“சொல்லிக் காட்ட முடியாது. இடம் வேணும்.”

அவள் எழுந்து மேசையை ஒரு பக்கமாகத் தள்ளினாள். நாற்காலிகளைச் சுவரோரம் போட்டாள். அவர் பனியனும் வேட்டியுமாக நடுக்கூடத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

“என்னங்க?”

“பிடிச்சுக்கிச்சு.”

“எங்க?”

“இடுப்புல. கொஞ்சம் தூக்கிவிடு.”

ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரிக்கிறவளுக்கு எங்கே பலம் இருக்கும்? அவரைத் தூக்கப்போய் அவளும் சேர்ந்து தரையில் உட்கார்ந்தாள். சிரிக்காதே, நீ சிரித்தால் எனக்கும் வருகிறது, சிரித்தால் வலிக்கிறது என்று கெஞ்சினார். அதைக் கேட்டு இன்னும் சிரித்தாள்.

அன்றைக்குக் கடை பதினொன்றரைக்குத்தான் திறந்தது. முதல் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் வாசலில் காத்திருந்தார்கள். பதினேழாம் குழு. முடிவு வந்துவிட்டது, எங்களுக்குத்தான் முதலிடம் என்று சொல்ல ஓடிவந்தவர்கள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு வருகிற கடைக்காரரையும், ஷட்டரைத் தூக்குகிற புதுப் பெண்மணியையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அந்தக் கறார்ப் பெண் மெல்ல அவர் பக்கம் போய், இது யார் அங்கிள் என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறக்குமுன் அரைமார்க் அம்மா சொன்னாள்: “அந்த வெட்டின ஷாட் இன்னும் வச்சிருக்கியாம்மா? இருந்தா எனக்கு ஒரு காப்பி வேணும்.”